இருபத்துமூன்றாம் குப்பி

அக்கா என்று நான் கூப்பிட்டவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளை நாள் முழுக்க நின்றபடி புரட்டிப் பார்த்து நூல் பிசிறு வெட்டும் வேலை. பாத்ரூமுக்கு இரண்டு தடவைக்கு மேல் போனால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். அவள் புருஷன் ஆவடியில் ஆட்டோ ஓட்டினார். ஒரே மகள், அப்போது ஏழாவது படித்தாள்.

என் அப்பா அதே எஸ்டேட்டில் வெல்டர். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அதை முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருந்தவள் நான் ஒருத்திதான். இருபத்தெட்டு வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "இன்னும் இன்னாத்த படிக்குது உன் பொண்ணு?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அக்காதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள்.

"டாக்டருக்குப் படிக்குது. ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல."

நான் பூந்தமல்லி தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. நாங்கள் செய்தது ஒருவகை ஒளிரும் பொருள். சாதாரண ஒளிரும் சாயங்கள் நீர்த்த கரைசலில் நன்றாக ஒளிரும். ஒன்றோடொன்று நெருங்கிக் குவிந்தால் மங்கிவிடும். எங்களுடையது அதற்கு நேர் எதிர். அதன் மூலக்கூறு தனியாக மிதக்கும்போது கைகால்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வாங்கிய சக்தியெல்லாம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும். கூட்டமாகக் குவிந்து, ஆட இடமில்லாமல் போனால், அதே சக்தி ஒளியாக வெளியே வரும். அல்புமின் என்ற புரதத்தின் மடிப்புகளுக்குள் போய் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் சிறுநீரில் அல்புமின் இல்லையென்றே சொல்லலாம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் அது கசிந்து வரும். ஆக, ஒருவருடைய சிறுநீரில் எங்கள் பொருளை இரண்டு சொட்டு விட்டுப் புற ஊதா விளக்கில் காட்டினால் போதும். ஒளிர்ந்தால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். என் வாழ்க்கையின் ஐந்து வருடம் இந்த நாலு வரிதான்.

இதை அக்காவுக்கு ஒருமுறை விளக்கினேன். துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஷேர் ஆட்டோ மாரின்னு சொல்லு. காலு கை ஆட்ட முடியாம நெருக்கிகினு உக்காரணும்."

"ஆமாக்கா, அதேதான்."

"எங்களுக்கு வேர்வைதான் வருது. உன் சாமானுக்கு வெளிச்சம் வருது. கொடுத்து வச்சது."

பிறகு பல மேடைகளில் இந்த ஷேர் ஆட்டோவை நான் சொல்லியிருக்கிறேன். கைதட்டு வாங்கியிருக்கிறேன். யார் சொன்னது என்று ஒரு இடத்திலும் சொன்னதில்லை.

கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். நிஜ மனிதர்களின் மாதிரிகளில் சோதித்துக் காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். என் நெறியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மாணவர்களைத் திட்டாதவர். என் உதவித்தொகை நின்ற மாதங்களில் துறைத்தலைவரிடம் எனக்காக வாதாடியவர்.

"ஹாஸ்பிட்டல் மூலமா போனா ஆறு மாசம் இழுக்கும்மா. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி நம்மகிட்ட இருக்கு. உங்க ஏரியாவுல ஒரு முப்பது பேர் கிடைக்கமாட்டாங்களா?"

கிடைப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. பக்கத்து வீட்டில் போய், உங்கள் மூத்திரம் கொஞ்சம் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? உடு, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்பது வீடு ஏறி இறங்கி, முப்பது பேரைச் சம்மதிக்க வைத்தாள். நான் பின்னால் படிவங்களோடு போனேன். "கிட்னி நல்லா கீதான்னு பாக்குறாங்க. நம்ம புள்ள செய்யுது. ஆஸ்பத்திரிக்குப் போனா நாள் பூரா நிக்க வச்சி இயுத்தடிப்பான். இங்க ஊட்லயே வந்து வாங்கிகினு போவுது. ஏதாச்சும் இருந்தா அதுவே சொல்லிடும்." இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். நான் ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டினேன்.

என் கையிலிருந்த ஒப்புதல் படிவத்தில் வேறு எழுதியிருந்தது. "இந்த ஆய்வின் முடிவுகள் தனிநபர்களுக்குத் தெரிவிக்கப்படமாட்டா." ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழாக்கியதே நான்தான். 'மாட்டாது' என்பதா, 'மாட்டா' என்பதா என்று இலக்கணம் பார்த்துத் திருத்தியதும் நினைவிருக்கிறது. அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"படிச்சிப் பாருக்கா."

"நீ எயுதுனது தானே? பொறவு நான் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

மறுநாள் காலை ஏழு மணிக்குள் முப்பது டப்பாக்களும் வந்து சேர்ந்தன. என் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டுக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினேன். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினேன். அக்காவின் புருஷன் தன் ஆட்டோவிலேயே பூந்தமல்லி தாண்டிக் கொண்டுபோய் விட்டார். அக்காவுடையது இருபத்துமூன்று. பெயர்கள் எங்கள் கோப்பில் கிடையாது, எண்கள் மட்டும்தான். ஆனால் ஒட்டிய கைக்குத் தெரியாதா?

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் மாதிரிகளை ஊற்றி, எங்கள் பொருளைச் சேர்த்து, வரிசையாக நிறுத்தி விளக்கைப் போட்டேன். இருபத்தேழு குப்பிகள் கறுப்பாக நின்றன. ஒன்பதிலும் பதினாறிலும் லேசாக ஏதோ தெரிந்தது. இருபத்துமூன்று எரிந்தது. நீலப் பச்சையில், பக்கத்துக் குப்பியின் எண்ணைப் படிக்கும் அளவுக்கு எரிந்தது.

உண்மையைச் சொல்வதென்றால், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஐந்து வருடம் கழித்து ஒரு நிஜ மனிதரின் உடம்பிலிருந்து வந்ததில் என் பொருள் வேலை செய்கிறது. எண்ணைப் பார்த்தது அதற்கப்புறம்தான். எத்தனை நிமிடம் கழித்து என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

மிச்சம் வைத்திருந்ததில் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் அப்படியே எரிந்தது. நெறியாளரிடம் போனேன். அவர் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, "பியூட்டிஃபுல்," என்றார்.

"சார், இவங்க யாருன்னு எனக்குத் தெரியும். சொல்லணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னன்னும்மா சொல்லுவ? நம்ம மெட்டீரியல் இன்னும் வேலிடேட் ஆகலை. வேற எதுக்காவது ஒளிர்ந்திருந்தா? அந்தக் குடும்பம் பயந்து ஓடும். நாளைக்கு யாராவது, நீங்க என்ன டாக்டரான்னு கேட்டா கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும். உன் தீசிஸ் அங்கயே நின்னுடும். ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கு? நீ எழுதினதுதானே?"

இதையேதான் அக்காவும் கேட்டிருந்தாள்.

"பேப்பர் வந்ததும் உங்க தெருவுலயே ஒரு கேம்ப் போடலாம். முறையா, டாக்டரை வச்சு," என்றார். அந்த முகாம் இன்றுவரை போடப்படவில்லை.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் தப்பு வேறு. எங்கள் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "அக்கா, கால் வலின்னு சொல்றியே, ஒருதடவை ஆஸ்பத்திரியில யூரின் டெஸ்ட் எடுத்துடு," என்று சொல்லியிருக்கலாம். எந்தச் சின்ன லேபிலும் ஒரு காகிதப் பட்டையை முக்கி அதே விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். இதைச் சொல்ல எந்தக் கமிட்டியின் அனுமதியும் வேண்டாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஏன் சொல்கிறாய் என்ற கேள்வியில் போய் நிற்குமோ என்று பயந்தேன். தீசிஸ் என்ற ஒரு சொல்லை அவர் சொன்ன பிறகு என் காதில் வேறு எதுவும் விழவில்லை.

பத்து நாள் கழித்து, தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு அக்கா கேட்டாள்.

"இன்னா ஆச்சுடீ நம்ம ரிப்போர்ட்டு? எல்லாரும் என்னைத்தான் கேட்டுகினு கீறாங்க."

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

ரிப்போர்ட் என்று ஒன்றும் இல்லை, கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற அர்த்தத்தில் சொன்னதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அங்கேயே நின்று, எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "ஒண்ணும் இல்லியாம்பா! நம்ம தெருவுல எல்லாருக்கும் கிட்னி சூப்பரா கீதாம்!"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கட்டுரை வெளியானது. குப்பிகளின் வரிசைப் படத்தை அந்த இதழ் முகப்பிலேயே போட்டது. கல்லூரி அதைப் பெரிதாக அச்சடித்து நுழைவாயிலில் வைத்தது. அந்த வருடம் முழுவதும் நான் அதைக் கடந்துதான் உள்ளே போனேன். அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நின்றே வேலை செய்வதால் என்று எல்லோரும் சொன்னார்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி, தினமும் ஒன்று, பிறகு இரண்டு என்று போட்டுக்கொண்டாள். கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் ஒருமுறை அவள் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, போய் யூரின், பிபி எல்லாம் பாருங்கள் என்றிருக்கிறார். அக்கா அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை, அவளே என் அம்மாவிடம் வந்து பெருமையாகச் சொன்னாள்.

"எங்க ஊட்டாண்ட பொண்ணு காலேஜ்லயே பாத்துட்சி, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்சின்னேன். அந்தம்மா வாய மூடிகினு பூட்டாங்க."

உள் அறையில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

வாய்மொழித் தேர்வு யாரும் வந்து பார்க்கலாம் என்கிற பொது நிகழ்ச்சி. அப்பா, அம்மாவோடு அக்காவும் வந்தாள். லீவு போட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. குண்டாயிட்டேன் என்று அவளே சொன்னாள். செருப்பு காலில் ஏறவில்லை, புருஷனுடைய ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரியாத ஆங்கிலத்தைக் கண் கொட்டாமல் கேட்டாள். குப்பிகளின் படம் திரையில் வந்தபோது பக்கத்திலிருந்த என் அம்மாவிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"அந்த ஒண்ணு மட்டும் இன்னா அயகா எரியுது பாரேன்."

அறை சிரித்தது. வெளித் தேர்வாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

அன்று மாலையிலிருந்து என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. பட்டம் உறுதியாகிவிட்டது. இப்போது சொல்லலாம். ஆனால் இப்போது சொன்னால், ஒன்றரை வருடமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளை, நாளை என்று ஐந்து வாரம் போனது. ஒரு புதன்கிழமை காலை அக்கா வேலைக்குப் போகிற வழியில் மூச்சு வாங்கி, பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். படித்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரத்த அழுத்தம் உச்சத்தில் இருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று ஸ்கேனில் தெரிந்தது. அந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், நான் தங்கை என்று நினைத்திருப்பார்.

"ஒரு தடவை கூடவா டெஸ்ட் எடுக்கலை? ஒண்ணரை, ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே இழுத்துப் பிடிச்சிருக்கலாம். வலி மாத்திரையா வேற முழுங்கியிருக்காங்க. இனிமே டயாலிசிஸ்தான்."

"எடுத்தாங்க சார்," என்றார் அக்காவின் புருஷன். "இதோ, இவங்க காலேஜ்ல எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். வராந்தாவுக்கு வந்ததும் அக்காவின் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கிற வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அதுகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்," என்றார்.

மூன்றாவது நாள் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்து அவளைப் படுக்கைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். கழுத்தில் குழாய். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பைப்பாண்ட நான் கேட்டனே, அப்பவே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப இன்னாத்துக்கு ஒண்ணும் இல்லன்ன?"

பயந்தேன் என்றேன். படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன் என்றேன்.

"நான் நாப்பது வாசல் ஏறி எறங்கனேன்டீ உனுக்காக," என்றாள். அழவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்க்க ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று செய்தேன். ஒன்பதாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் யார் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் ஒருவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. இருவரிடமும் போய் உடனே டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். இருவருக்கும் ஒன்றும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார்.

"இன்னா வெளையாட்றியா? ஒரு வாரம் ஊட்ல ஒருத்தனும் சோறு துன்னல. நல்லா கீறவன்கிட்ட வந்து பயமுறுத்துற. சாவக் கெடக்குற பொம்பளகிட்ட ஒண்ணும் இல்லன்ற. இன்னா படிப்பு இது?"

நெறியாளர் சொன்னது சரிதான். எங்கள் பொருள் தப்பாகவும் சொல்லும். அது சரியாகச் சொன்ன ஒரே ஆளிடம்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

நெறியாளரிடமும் போய்ச் சொன்னேன். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். நான் எழுந்தபோது, "அந்த பேஷண்ட்டோட க்ளினிக்கல் ரிப்போர்ட் காப்பி கிடைக்குமா? நம்ம ரிசல்ட்டோட ஒத்துப்போச்சுன்னு அடுத்த பேப்பர்ல ஒரு வரி போடலாம்," என்றார். கேட்டபிறகு அவருக்கே சங்கடமாகியிருக்க வேண்டும், மேசையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. ஒளிரும் பொருள் எதையும் தொடவுமில்லை. இப்போது குத்தம்பாக்கம் பக்கம் வேறொரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு, நீரின் கடினத்தன்மையை அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்றானதும் அக்காவின் வேலை போயிற்று. அவளைக் கூட்டிக்கொண்டு போய் வருவதில் புருஷனுக்கு ஆட்டோ ஓட்ட நேரமில்லை. வாடகை குறைவு, ஸ்டேஷன் பக்கம், ஒரே ரயிலில் போய்விடலாம் என்று வேப்பம்பட்டுக்கு வீடு மாறினார்கள். டெம்போ வந்து நின்ற அன்று நான் பாத்திர மூட்டைகளைத் தூக்கப் போனேன். அவள் மகள் என் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். "நாங்களே தூக்கிக்கிறோம்," என்றாள். பேச்சில் கோபம் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அக்கா டெம்போவின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, எலும்பு தெரிந்தது. கிளம்பும்போது என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். என் பக்கம் திரும்பவில்லை.

அம்மா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவாள். போன முறை நானும் வருகிறேன் என்றேன். அம்மா பையில் உப்பு போடாத முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உன் பொண்ண மட்டும் இட்டுகினு வராதன்னு சொல்லிக்கீது."

"எப்பம்மா சொல்லிச்சு?"

"ஒவ்வொரு தபாவும்தான் சொல்லுது," என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.